மார்ஷல் சோதனையில் தேறிய தார்க்கலவை சிக்னலில் பள்ளமாகிறது: எந்தச் சோதனை காரணத்தைக் காட்டும்?

காட்பாடியான் கேட்டது:

வணக்கம். வேலூர்ப் பக்கத்தில் நடக்கும் ஒரு சாலைப் பணியின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இளநிலைப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். சாலையின் பெயரும் ஒப்பந்ததாரரின் பெயரும் இங்கே வேண்டாம். என் கேள்வி சோதனை முறையைப் பற்றியது மட்டுமே.

பழைய சாலையின் மேல் 60 மி.மீ. டி.பி.எம். (அடியில் வரும் தார்க்கலவை அடுக்கு), அதற்கு மேல் 40 மி.மீ. பி.சி. (மேல்தளமாக வரும் தார்க்கலவை அடுக்கு) என்று தை மாதத்தில் போட்டு முடித்தோம். கத்திரி வெயில் முடிவதற்குள், சிக்னலுக்கு முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் இரண்டு சக்கரத் தடங்களும் பள்ளமாகிவிட்டன. மூன்று மீட்டர் ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேர்ச்சட்டத்தை) வைத்து அளந்தால் ஆழமான இடத்தில் 18 மி.மீ. வருகிறது. சிக்னலைத் தாண்டி வண்டிகள் வேகமெடுக்கும் இடத்திலோ, அதே கலவை, அதே நாளில் போட்ட அதே தளம், 4 மி.மீ.க்கு மேல் இறங்கவில்லை.

கலவையில் வி.ஜி.30 வகைப் பிட்டுமன், அதாவது தார், 5.5 சதவீதம். மார்ஷல் ஸ்டெபிலிட்டி (மாதிரி தாங்கும் உச்சச் சுமை) 13.2 கிலோ நியூட்டன், ஃப்ளோ (அதுவரை அது நசுங்கும் அளவு) 3.4 மி.மீ., காற்று இடைவெளி 4.1 சதவீதம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு கேட்பது 9 கிலோ நியூட்டனுக்குக் குறையாத ஸ்டெபிலிட்டி, 2 முதல் 4 மி.மீ. ஃப்ளோ, 3 முதல் 5 சதவீத இடைவெளி. எந்தக் கட்டத்திலும் குறை சொல்ல இடமில்லை. தளத்திலிருந்து எடுத்த கலவையைக் கரைத்துப் பார்த்ததில் பிட்டுமன் 5.6 சதவீதம் இருந்தது. அதுவும் அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்குள்தான்.

பிறகு கோர் (தளத்தைத் துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) எடுத்தோம். இரு தடங்களுக்கும் நடுவே எடுத்த கோரின் பக்கவாட்டில் ஜல்லியின் சாம்பல் நிற முகங்களும் குண்டூசி நுழையும் அளவுக்குச் சிறு துளைகளும் தெளிவாகத் தெரிகின்றன. தடத்தின் அடியில் எடுத்த கோரின் மேல் பகுதியில் அப்படி ஒரு துளையும் இல்லை. மேல்முகத்தில் கல்லின் நிறமே தெரியாதபடி பிட்டுமன் மேலேறி மினுமினுக்கிறது. பி.சி. அடுக்கின் அடர்த்தி தடத்தில் 2.430, தடங்களுக்கு நடுவே 2.323, கலவையின் உச்ச அடர்த்தி (காற்றே இல்லாதபோது) 2.480. அதாவது தடத்தில் காற்று இடைவெளி 2 சதவீதம், நடுவில் 6.3 சதவீதம்.

தளத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஒருவர் எம்-சாண்ட் டிப்பர்களின் ஓவர்லோடு என்கிறார், இன்னொருவர் வெயில் என்கிறார், மூன்றாமவர் தார் கூடிப்போனது என்கிறார். வடிவமைப்பின்போது ஐஐடிபேவ் என்ற சாலை வடிவமைப்பு மென்பொருளில் ரட்டிங் (சக்கரத் தடப் பள்ளம்) கணக்கு பாதுகாப்பாகவே வந்தது. அப்படியிருக்க, மார்ஷல் சோதனை ஏன் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை? இனிமேல் எந்தச் சோதனையைச் செய்தால் காரணம் தெரியும்?

முன்னாள் உதவிக் கோட்டப் பொறியாளர், ராணிப்பேட்டை எழுதியது:

தம்பி, ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்னால் எந்த அடுக்கு நகர்ந்தது என்பதை முடிவு செய்யுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் கலவையின் மேல் சோதனை மேல் சோதனையாகச் செய்வது, வயிற்று வலிக்காரரின் கண்ணைப் பரிசோதிப்பதாகத்தான் முடியும்.

நீங்கள் தந்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. தளம் போட்டபோது காற்று இடைவெளி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது 2 சதவீதமாகக் குறைந்தால் தடிமனில் 5 சதவீதம் குறையும். 40 மி.மீ. பி.சி.யில் அது 2 மி.மீ.தான். டி.பி.எம்.மும் அதே அளவு இறுகியதாகத் தாராளமாக எடுத்துக்கொண்டால் இன்னொரு 3 மி.மீ. கிடைக்கும். ஆக, இறுகுவதால் மட்டும் வரக்கூடிய பள்ளம் 5 மி.மீ.யைத் தாண்டாது. சிக்னலுக்கு அப்பால் நீங்கள் அளந்த 4 மி.மீ. பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததே. புதுத் தளம் எதுவானாலும் முதல் கோடையில் ஓரளவு இறுகத்தான் செய்யும். சிக்னலில் மிச்சமிருக்கும் 13 மி.மீ.க்கு வேறு கணக்கு வேண்டும். ஒன்று, கலவை பக்கவாட்டில் பிதுங்கி ஒழுகியிருக்க வேண்டும்; அல்லது அடியிலுள்ள ஜல்லித் தளமோ மண்ணோ அமுங்கியிருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்தறியச் சாலையின் குறுக்கு வடிவத்தை எடுங்கள். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் மட்டும் போதாது, ஏனென்றால் தடத்தின் இரு பக்கமும் மேடு எழுந்திருந்தால் அது மேட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு பள்ளத்தைக் கூட்டிக் காட்டும். லெவல் கருவியை வைத்து, சாலையின் குறுக்கே சீரான இடைவெளியில் மட்டம் எடுத்து வரைபடமாக்குங்கள். பழைய மட்டத்துக்குக் கீழே இறங்கிய பரப்பும் மேலே எழுந்த பரப்பும் கிட்டத்தட்ட ஈடாக இருந்தால், போன பொருள் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். குற்றவாளி மேல் அடுக்கு. மேடே இல்லாமல் அகலமாகவும் தட்டையாகவும் இறங்கியிருந்தால் அடித்தளத்தைச் சந்தேகிக்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, பி.சி.க்கும் டி.பி.எம்.முக்கும் இடையிலான கோடு நேராக ஓடுகிறதா, தடத்துக்கு அடியில் வளைகிறதா என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு யாரும் வாதாட மாட்டார்கள்.

ஐஐடிபேவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மென்பொருள் பின்பற்றும் சாலை வடிவமைப்பு வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 37-இன் 2018 பதிப்பில் ரட்டிங் என்று வரும் சமன்பாடு, அடிமண்ணின் மேல்முகத்தில் ஏற்படும் செங்குத்துத் திரிபை மட்டுமே சரிபார்க்கிறது. 20 மி.மீ. சராசரிப் பள்ளம் என்பது அங்கே எல்லையாக வைக்கப்பட்டிருந்தாலும், பி.சி. அடுக்கு தனக்குள்ளேயே ஒழுகுமா என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் நுழைவதே இல்லை. அதைக் கலவை வடிவமைப்பின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். கலவை வடிவமைப்பு மார்ஷலோடு நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் நம் ஊர்ச் சிக்னல்கள் எல்லாம் விழுகின்றன.

ஆய்வு மாணவி, சென்னை எழுதியது:

மேலே ஐயா சொன்ன குறுக்கு வடிவத்தைக் கட்டாயம் எடுங்கள். நீங்கள் விவரித்த கோரைப் பார்த்தால் மேல் அடுக்குதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே சோதனைகளைப் பற்றி எழுதுகிறேன்.

மார்ஷல் முறை 1930-களின் இறுதியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையில் புரூஸ் மார்ஷல் உருவாக்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை விமான ஓடுதளங்களுக்காக அதைச் செம்மைப்படுத்தியது. ஒரே ஜல்லிக்கு எவ்வளவு பிட்டுமன் சேர்க்கலாம் என்று தேர்ந்தெடுக்க அது நல்ல கருவி. ஆனால் அந்தச் சோதனையில் நிஜமாக என்ன நடக்கிறது என்று பாருங்கள். 60 பாகை நீரில் அரைமணி நேரம் கிடந்த கலவை வில்லையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, இரண்டு அரைவட்டப் பிடிகளுக்குள் இறுக்கி, நிமிடத்துக்கு 50.8 மி.மீ. வேகத்தில் ஒரே அமுக்காக அமுக்குகிறோம். உங்கள் ஃப்ளோ 3.4 மி.மீ. என்றால் முழுச் சோதனையும் நான்கு நொடியில் முடிந்துவிட்டது. பிட்டுமன் இழுத்தால் விறைக்கும், விட்டால் ஒழுகும் பொருள். வேகமாக அமுக்கும்போது அது தரும் எதிர்ப்பை, ஒரு டிப்பர் சிக்னலில் நிற்கும்போது தராது. அதுமட்டுமன்றி, பக்கவாட்டில் பிதுங்க வேண்டிய கலவையை அந்த அரைவட்டப் பிடிகளே பிடித்துக்கொள்கின்றன. நெகிழ்வான மணல் கலவைகூட இதில் நல்ல ஸ்டெபிலிட்டி காட்டிவிடும்.

சாலையில் நடப்பது வேறு. 60 கி.மீ. வேகத்தில் போகும் சக்கரம், கால் மீட்டர் நீளமுள்ள தொடுபரப்பைக் கொண்டு, ஓர் இடத்தை நூறில் ஒன்றரை நொடிதான் அமுக்குகிறது. வண்டி 5 கி.மீ. வேகத்துக்கு ஊர்ந்தால் அந்த நேரம் பன்னிரண்டு மடங்காகிறது. நின்றேவிட்டால் ஒரு சிவப்பு விளக்கின் நேரம் முழுவதும் அமுக்கம்தான். ஒவ்வொரு முறையும் உருமாற்றத்தில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. மிக நுண்ணிய ஒரு பகுதி திரும்புவதில்லை. அந்தத் திரும்பாத பகுதி லட்சக்கணக்கான முறை சேர்ந்ததுதான் உங்கள் பள்ளம். ஆகவே திரும்பத் திரும்பச் சுமை ஏற்றாத எந்தச் சோதனையும் இந்தக் கேள்விக்குப் பதில் தராது. அதே கலவை சிக்னலுக்கு அப்பால் தாக்குப்பிடித்ததற்கும் இதுவே காரணம்.

வெப்பநிலையையும் கணக்கிட்டுப் பார்த்தேன். அமெரிக்காவின் ஷார்ப் ஆய்வுத் திட்டம் தந்த சமன்பாட்டில், அட்சரேகை 12.9 பாகை, ஏழு நாள் சராசரி உச்ச வெப்பம் 42 பாகை என்று போட்டால், தளத்தின் 20 மி.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 64 பாகை வருகிறது. வேலூர்க் கோடைக்கு 42 என்பது மிகை அல்ல என்று உங்களுக்கே தெரியும். வி.ஜி.30 பிட்டுமனின் மென்மையாகும் வெப்பநிலைக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 73 கேட்கும் குறைந்த அளவு 47 பாகை. அதாவது சித்திரை, வைகாசி நண்பகல்களில் பிட்டுமன் தன் மென்மை நிலையை நன்றாகத் தாண்டிவிடுகிறது. அந்நேரத்தில் சுமையைத் தாங்குவது ஜல்லிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும் எலும்புக்கூடுதான். காற்று இடைவெளி 3 சதவீதத்துக்குக் கீழே போனால் பிட்டுமனுக்கு ஒதுங்க இடமில்லாமல் போகிறது. அது கற்களுக்கு நடுவே புகுந்து முட்டுக்கொடுப்பை விலக்கிவிட, கலவை ஒழுகத் தொடங்குகிறது. உங்கள் 2 சதவீத கோர் அந்த எல்லையைத் தாண்டியது. மேல்முகத்தில் மேலேறிய பிட்டுமனும் அதே கதையைத்தான் சொல்கிறது.

இனி சோதனைகள். முதலாவது, ஃப்ளோ நம்பர் என்று சொல்லப்படும் தொடர்சுமைச் சோதனை. 100 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. உயரமும் உள்ள உருளையின் மேல், பத்தில் ஒரு நொடி சுமை, பத்தில் ஒன்பது நொடி ஓய்வு என்று ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓட்டுகிறோம். நிரந்தர உருமாற்றத்தை வரைந்தால் மூன்று கட்டங்கள் தெரியும்: முதலில் கலவை இறுகுவதால் வளைவு வேகமாக ஏறும், பிறகு சீரான சாய்வில் நடக்கும், கடைசியில் திடீரென்று வேகமெடுக்கும். அந்த மூன்றாம் கட்டம் தொடங்கும் சுற்றின் எண்ணிக்கையே ஃப்ளோ நம்பர். தளம் முழுதாக ஒழுக ஆரம்பிக்கும் புள்ளி அது. அமெரிக்காவில் பக்கவாட்டுப் பிடிப்பில்லாத சோதனைக்கு, 1 கோடி முதல் 3 கோடி வரை நிலை அச்சுகள் (ஒரே நிலையான எடைக்கு ஈடாக்கி எண்ணிய அச்சுகள்) ஓடும் சாலையென்றால் குறைந்தது 190 சுற்றுகளும், 3 கோடிக்கு மேல் 740 சுற்றுகளும் கேட்கிறார்கள். அந்த எண்களை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். அவை அங்குள்ள வெப்பநிலைத் தேர்வோடும் மாதிரி செய்யும் முறையோடும் பிணைந்தவை. ஆனால் வி.ஜி.30, அதைவிடக் கெட்டியான வி.ஜி.40, பாலிமர் சேர்த்த பிட்டுமன் என்று மூன்று கலவைகளை ஒரே வெப்பநிலையில் ஓட்டினால் எது எதைவிட எத்தனை மடங்கு தாங்குகிறது என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரியும். ஓர் எச்சரிக்கை: பக்கவாட்டு அழுத்தம் இல்லாமல் ஓட்டினால், கல்லோடு கல் முட்டி நிற்கும் எஸ்.எம்.ஏ. போன்ற கலவைகளுக்கு அநியாயமாகக் குறைந்த மதிப்பெண் கிடைக்கும். சாலையில் சுற்றியுள்ள தளம் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. அவற்றை ஒப்பிட வேண்டுமானால் பக்கவாட்டிலும் அழுத்தம் தரும் முச்சுமைக் கலத்துக்குள் வைத்து ஓட்டுங்கள்.

இரண்டாவது, சக்கரம் ஓட்டும் சோதனை. பலரும் கேள்விப்பட்டது ஹாம்பர்க் கருவி: 47 மி.மீ. அகல இரும்புச் சக்கரம், 705 நியூட்டன் சுமை, நிமிடத்துக்கு 52 ஓட்டம், பெரும்பாலும் 50 பாகை நீருக்குள் 20,000 ஓட்டம் வரை. ஏறக்குறைய ஆறரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இதில் நீரும் சேர்வதால், கல்லிலிருந்து பிட்டுமன் உரிந்து வருவதும் பள்ளத்தில் கலந்துவிடுகிறது. வளைவு சட்டென்று முறியும் இடம் உரிதலைக் காட்டும். உங்கள் பள்ளமோ ஒரு மழைகூடப் பார்க்காத கோடையில் வந்தது. அதனால் ஐரோப்பியத் தரத்தில் உள்ள சிறு கருவியில் ரப்பர் சக்கரத்தைக் காற்றிலேயே 60 பாகையில் 10,000 சுற்று ஓட்டுவதுதான் உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அதில் மொத்த ஆழத்தைவிட, 5,000-ஆவது சுற்றுக்கும் 10,000-ஆவது சுற்றுக்கும் இடையே ஆயிரம் சுற்றுக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்ற சாய்வுக்கே மதிப்பு அதிகம். தொடக்கத்து இறுகலை அது கழித்துவிடும்.

மூன்றாவது பிட்டுமனை மட்டும் பார்க்கும் எம்.எஸ்.சி.ஆர். சோதனை. இரு தட்டுகளுக்கு நடுவே மெல்லிய பிட்டுமனை வைத்து 3.2 கிலோ பாஸ்கல் அழுத்தத்தில் ஒரு நொடி முறுக்கி, ஒன்பது நொடி விட்டு, எவ்வளவு திரும்பவில்லை என்று அளப்பது. 2019-இல் வந்த ஐ.எஸ். 15462 பாலிமர் பிட்டுமனுக்கு இதைச் சேர்த்திருக்கிறது. வி.ஜி.30-க்கு இன்னும் 60 பாகைப் பிசுக்குமைதான் அளவுகோல்: 2,400 முதல் 3,600 பாய்ஸ் வரை. நல்ல பிட்டுமன் மோசமான ஜல்லிக் கூட்டைக் காப்பாற்றாது என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பிளாண்ட் பொறியாளர், வாலாஜா எழுதியது:

மாணவி சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒரு சிறு ஒப்பந்தப் பணியின் கேம்ப் ஆய்வகத்தில் மார்ஷல் சுத்தியும் நீர்த்தொட்டியும் தராசும் சல்லடைகளும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டே செய்யக்கூடிய ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

பிரிட்டனின் டி.ஆர்.எல். நிறுவனம் வெப்ப நாடுகளுக்காக 2002-இல் வெளியிட்ட வழிகாட்டி, சந்திப்புகளுக்கும் ஏற்றச் சாலைகளுக்கும் முடிவிறுக்க அடர்த்தியைப் பார்க்கச் சொல்கிறது. இனிமேல் இறுகவே இறுகாது என்ற நிலை வரைக்கும் கலவையை அதிர்வுச் சுத்தியால் இறுக்கி, அப்போதும் 3 சதவீதக் காற்று இடைவெளி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதே அதன் சாரம். அதிர்வுச் சுத்தி இல்லாதவர்கள் மார்ஷல் சுத்தியாலேயே, பக்கத்துக்கு 75 அடி என்பதை நிறுத்தாமல், அடர்த்தி ஏறுவது நிற்கும்வரை அடித்துப் பார்க்கலாம். 75 அடியில் 4.1 சதவீதம் காட்டும் கலவை அப்படி அடித்த பிறகு 2 சதவீதத்துக்கு வந்தால், அது சிக்னலுக்கு ஆகாத கலவை. வேறு கருவி எதுவும் வேண்டாம். கை வலிக்கும், அவ்வளவுதான்.

பிளாண்ட் (கலவை தயாரிக்கும் ஆலை) பக்கமும் பாருங்கள். 5.6 சதவீதம் பிட்டுமன் என்பது எல்லைக்குள்தான். ஆனால் அத்தோடு 75 மைக்ரான் சல்லடையைக் கடக்கும் தூளும் கூடியிருந்தால் இரண்டும் சேர்ந்து இடைவெளியைத் தின்றுவிடும். கிரஷர் டஸ்ட் லோடுக்கு லோடு மாறும். தூள் சேகரிப்பானிலிருந்து திரும்ப விழும் தூள் சீராக விழாது. வடிவமைப்பின்போது கொண்டுவந்த ஜல்லியும், ஆறு மாதம் கழித்து அதே குவாரியிலிருந்து வந்த ஜல்லியும் ஒரே வடிவத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். நம் பக்கத்துக் கருங்கல் கடினமானது, அதில் குறையில்லை. கிரஷர் தாடை தேய்ந்தால் தட்டைக் கல் அதிகமாக வரும், குறை அங்கேதான். விவரக்குறிப்பில் தட்டையும் நீளமும் சேர்ந்து 35 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பாலாற்று மணலைக் கலந்த காலமெல்லாம் போய்விட்டது என்றாலும், மணல் பங்கு எதிலிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். உருண்டை மணல் சிறு விகிதத்தில் இருந்தாலும் வழுக்கும்.

காட்பாடியான் எழுதியது:

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. இரவில் ஒரு வழியை மட்டும் மறித்துக் குறுக்கு மட்டம் எடுத்தோம். ஒவ்வொரு தடத்துக்கும் இரு பக்கமும் மேடு எழுந்திருக்கிறது. வெளித் தடத்தின் ஓரப்பக்க மேடு உயரமானது. கீழே இறங்கிய பரப்பைவிட மேலே எழுந்த பரப்பு சற்றுக் குறைவு, அவ்வளவுதான். குறுக்கே வெட்டிப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் தடத்திலும் மேட்டிலும் நடுவிலும் எடுத்த கோர்களில் டி.பி.எம்.மின் தடிமன் ஒன்றுபோல் இருக்கிறது, பி.சி.யின் தடிமன்தான் மாறுகிறது. மேட்டில் எடுத்த கோரில் பி.சி. 40-ஐத் தாண்டி நிற்கிறது.

இரண்டு ஐயங்கள். கையில் இருக்கும் கோர்களையே சோதனைக்கு அனுப்பலாமா? ஓவர்லோடு பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது?

ஆய்வு மாணவி, சென்னை எழுதியது:

கோர்களை அனுப்பாதீர்கள், குறைந்தது ஃப்ளோ நம்பர் சோதனைக்கு அனுப்பாதீர்கள். 40 மி.மீ. அடுக்கிலிருந்து 150 மி.மீ. உயர உருளை கிடைக்காது. தடத்தில் எடுத்த கோர் ஏற்கெனவே ஒழுகி முடித்தது. அதன் ஸ்டெபிலிட்டியை அளந்தால், கெட்டுப்போன கலவைக்கு நல்ல மதிப்பெண் வந்து எல்லாரையும் குழப்பும். பிளாண்டில் பயன்படுத்திய அதே ஜல்லியையும் பிட்டுமனையும் மூட்டையாகவும் டின்னாகவும் எடுத்து வையுங்கள். தளத்தில் கரைத்துப் பார்த்தபோது கிடைத்த நிஜக் கலப்பு விகிதத்தில், அதாவது 5.6 சதவீதத்தோடும் நிஜத் தூள் அளவோடும், ஒரு கலவை செய்யுங்கள். வடிவமைப்பு விகிதத்தில் இன்னொன்று செய்யுங்கள். இரண்டையும் ஓட்டினால், குறை வடிவமைப்பிலா தயாரிப்பிலா என்பது தனித்தனியாகத் தெரியும். கலந்த உடனே இறுக்காமல், தளர்வான கலவையை 135 பாகை அடுப்பில் நான்கு மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். பிளாண்டிலும் லாரியிலும் நடக்கும் முதிர்ச்சிக்கு அது ஈடு. மாதிரிகளைக் கட்டாயம் 7 சதவீத இடைவெளிக்கு இறுக்குங்கள். 4 சதவீதத்துக்கு இறுக்கிய மாதிரி, புதுச் சாலை இருக்கும் நிலையில் இல்லை. வெப்பநிலை 60 போதுமா என்று கேட்பீர்கள். கருவி இடம் கொடுத்தால் 64-லும் ஒரு தொகுதி ஓட்டுங்கள். அந்த நான்கு பாகையில் வி.ஜி.30 எவ்வளவு இழக்கிறது என்பது உங்கள் அறிக்கையின் முக்கியமான வரியாக இருக்கும்.

ஓவர்லோடைப் பொறுத்தவரை, அடித்தளம் அமுங்குவதற்கு அச்சுச் சுமைதான் முதல் காரணி. 2018-இல் நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடையே 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. சேதம் அச்சுச் சுமையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்ற நான்காம் அடுக்கு விதிப்படி அது மட்டுமே சேதத்தை 1.6 மடங்காக்கும். ஆனால் மேல் 50 முதல் 100 மி.மீ. ஆழத்துக்குள் நடக்கும் ஒழுகலில் டயரின் காற்றழுத்தத்துக்குப் பங்கு கூடுதல். வழக்கமான கணக்கில் நாம் போடும் தொடுஅழுத்தம் 0.56 மெகா பாஸ்கல்; இன்றைய ரேடியல் டயர்களில் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய 0.7 மெகா பாஸ்கலும் அதற்கு மேலும், காற்று அடிக்கிறார்கள். ஆகவே டிப்பர்களைக் குறை சொல்வதில் உண்மை இருக்கிறது; ஆனால் சிக்னலுக்கு அப்பாலும் அதே டிப்பர்கள்தான் ஓடுகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

முன்னாள் உதவிக் கோட்டப் பொறியாளர், ராணிப்பேட்டை எழுதியது:

பி.சி.யின் தடிமன் மட்டும் மாறுகிறது என்றால் வெட்டிப் பார்க்கும் தேவை இப்போதைக்கு இல்லை.

சோதனை முடிவு வரும்வரை ஒன்றை மட்டும் தடுத்து வையுங்கள். பள்ளத்தை நிரப்பி அதன் மேல் இன்னொரு பி.சி. போடலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஒழுகும் அடுக்கை அடியில் விட்டுவிட்டு மேலே என்ன போட்டாலும் அடுத்த சித்திரையில் அதுவும் சேர்ந்து இறங்கும். வண்டிகள் நிற்கும் நீளத்துக்கு மில்லிங் இயந்திரத்தால் பி.சி. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, முடிவிறுக்கத்தில் 3 சதவீதம் நிற்கும் கலவையை வி.ஜி.40-இலோ பாலிமர் பிட்டுமனிலோ போடுவதுதான் வழி. சுரண்டிய பிறகு டி.பி.எம்.மின் மேல்முகத்திலும் பிட்டுமன் மினுமினுத்தால் அங்கிருந்தும் ஒரு மாதிரி எடுத்துவிடுங்கள்.

காட்பாடியான் எழுதியது:

வி.ஜி.40 போட்டால் இறுக்குவது சிரமம், ரோலர் ஓட்டுபவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தளத்தில் சொல்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை?

பிளாண்ட் பொறியாளர், வாலாஜா எழுதியது:

உண்மைதான், ஆனால் சமாளிக்கக்கூடியது. வி.ஜி.30 கலவையைப் பரப்பும்போது 140 பாகைக்குக் குறையக் கூடாது, 90 பாகைக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். வி.ஜி.40-க்கு அவை 150, 100. சிக்னல் வேலை என்பதால் இரவில்தான் போட விடுவார்கள். மார்கழி, தை இரவென்றால் 40 மி.மீ. அடுக்கு சீக்கிரம் ஆறிவிடும். லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, பேவருக்கு (கலவை பரப்பும் இயந்திரம்) பின்னாலேயே ரோலரை ஒட்டி ஓட்டி, ஒவ்வொரு லோடிலும் தெர்மாமீட்டரைச் செருகிப் பாருங்கள். அவசரத்தில் இறுக்கம் குறைந்து 9, 10 சதவீத இடைவெளியோடு விட்டுவிட்டால், ஆய்வகத்தில் எவ்வளவு நல்ல ஃப்ளோ நம்பர் வாங்கிய கலவையானாலும் முதல் கோடையிலேயே இறுகிப் பள்ளம் காட்டும், அடுத்த மழையில் நீரையும் உள்ளே விடும். ஆகவே அந்த இரவிலேயே அடர்த்தியைப் பாருங்கள், மறுநாள் கோருக்குக் காத்திருக்க வேண்டாம்.